ஒரே கதவில் இருமுறை

1983இல் அணிகளுக்கான தேசியச் சதுரங்கப் போட்டி பம்பாயில் நடந்தது. சென்னையின் கோல்ட்ஸ் அணிக்குச் செலவுக்குப் பணம் இல்லை. கொடுத்து உதவியவர் பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். அந்த அணியில் இருந்த 13 வயதுப் பையன் விஸ்வநாதன் ஆனந்த். யோசிக்காமலே காய் நகர்த்துகிறான் என்று பெரியவர்கள் வியந்த பையன். பம்பாயின் மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்கள் உரிமை கொண்டாட இது போதும். ஆனால் இந்த வாரம் நாம் போகவேண்டியது ஜெர்மனியின் பான் நகரத்துக்கு. 2008 அக்டோபர், உலகப் பட்டத்துக்கான போட்டி.

எதிரே விளாதிமிர் கிராம்னிக். 2000இல் லண்டனில் காஸ்பரோவையே வீழ்த்தியவர். வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்தால் அவரை அசைப்பது கடினம். முதல் இரண்டு ஆட்டங்கள் சமன். மூன்றாவதில் கறுப்பு ஆடிய ஆனந்த் எடுத்தது மெரான் தொடக்கம். இத்தாலிய ஊரான மெரானோவில் 1924இல் ரூபின்ஸ்டைன் கறுப்பில் ஆடி வென்றதால் வந்த பெயர். இதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. கறுப்பு ராஜா நடுப்பலகையிலேயே நிற்கும், முன்னால் இருக்கும் சிப்பாய் வரிசையும் குலைந்துபோகும். ஈடாக, வெள்ளை ராஜாவை நோக்கி யானைக்கு ஒரு பாதை திறக்கும். பட்டம் கையில் இருக்கும்போது இதை யார் ஆடுவார்?

14ஆம் நகர்த்தலில் ஆனந்த் பிஷப்பை நீண்ட மூலைவிட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். வீட்டில் உதவியாளர்களோடு உட்கார்ந்து சமைத்துவைத்திருந்த நகர்த்தல் அது. கிராம்னிக்குக்கு ராணிப் பக்கம் தடையற்ற இரண்டு சிப்பாய்கள் கிடைத்தன. அவற்றை ஓட்டிச்செல்லத்தான் நேரம் இல்லை. 41ஆம் நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

என் கணக்கில் பெரிய துணிச்சல் இது இல்லை, ஐந்தாம் ஆட்டம்தான். இடையில் கிராம்னிக்கின் ஆட்கள் அந்த 14ஆம் நகர்த்தலைக் குடைந்திருப்பார்கள் என்று தெரிந்தும் ஆனந்த் அதையே மறுபடி ஆடினார். பாதை கொஞ்சம்தான் மாறியது. 29ஆம் நகர்த்தலில் கிராம்னிக் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டினார். லாபக் கணக்கு அவருக்குச் சரியாகவே வந்தது, 34ஆம் நகர்த்தல் வரை. அங்கே ஆனந்தின் குதிரை தானாகப் போய்ச் சிப்பாயின் வாயில் உட்கார்ந்தது. வெட்டினால் கறுப்புச் சிப்பாய் ராணியாவதைத் தடுக்க முடியாது. வெட்டினார், உடனே கைகொடுத்துவிட்டார்.

ஆறாவதை ஆனந்த் வெள்ளையில் வென்றார். பத்தாவதில் கிராம்னிக்குக்கு ஒரு வெற்றி. அக்டோபர் 29 அன்று 6.5–4.5 என்று முடிந்தது.

வீட்டில் சதுரங்கப் பலகை இருந்தால் அந்த ஐந்தாம் ஆட்டத்தை அடுக்கிப் பாருங்கள். 28ஆம் நகர்த்தலோடு நிறுத்தி, வெள்ளையின் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தச் சிப்பாயை வெட்டுவீர்களா என்று எழுதி அனுப்புங்கள்.