கண்ணெடுக்காமல் பார்த்தவர்கள்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் காவலூர். 1968-ல் அங்கே ஒரு சின்னத் தொலைநோக்கியை வைத்து வானம் பார்க்க ஆரம்பித்தார்கள். 1977 மார்ச் 10 ராத்திரி, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் பக்கம் வருவதற்காகக் காத்திருந்தார்கள். கிரகம் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரத்தின் வெளிச்சம் சில விநாடிகள் மங்கியது. மறைத்தது யுரேனஸின் வளையம்! கண்ணை எடுத்திருந்தால் கோட்டை விட்டிருப்பார்கள்.

அதே சமயம், அதே பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இன்னொரு கூட்டமும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. நட்சத்திரங்களை அல்ல, குழந்தைகளை.

1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் எடை போட்டு, உயரம் அளந்து எழுதிவைத்தார்கள். அவர்களில் பலரை முப்பது வயதுவாக்கில் மறுபடி தேடிப்பிடித்துச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள்.

எதற்கு இத்தனை வருஷம்? ஒன்பது வயதுப் பையன் கணக்கில் திணறினால், காரணம் இரண்டு வயதில் இருக்கலாம். அப்போது என்ன சாப்பிட்டான் என்று இன்று அம்மாவைக் கேட்டால் பாவம், அவருக்கு எப்படி ஞாபகமிருக்கும்? கூடவே இருந்து எழுதிவைத்தால்தான் உண்டு.

அதைத்தான் 2010-ல் தொடங்கிய அடுத்த ஆய்வு செய்தது. எட்டு நாடுகள் சேர்ந்த 'மால்-எட்' திட்டத்தில், வேலூர்க் குடிசைப் பகுதிகளில் 251 பச்சிளம் குழந்தைகள். வீடு தேடிப் போய் சாப்பாடு, வயிற்றுப்போக்கு, ரத்தம், வீட்டுச் சூழல் எல்லாம் குறித்தார்கள். பிறகு ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் அறிவுத்திறன் சோதனை. ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு, ஈயம், வளர்ச்சி குன்றிய உடம்பு, குழந்தையோடு பேசி விளையாடாத வீடு... முதல் இரண்டு வருஷத்துச் சங்கதிகளின் சாயல் பிற்பாடு மூளையில் தெரிந்தது.

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரை இன்றும் விடாமல் தொடர்கிறார்கள். பிரமாதமான வேலைதான். ஆனால் நம் வீட்டுக் குழந்தையின் சோகையும் அடுப்புப் புகையும் அந்தக் கணக்கில் வராதே! அதனால்தான் பெங்களூர் நிம்ஹான்ஸ் முன்னின்று, மைசூர் முதல் இம்பால் வரை, 6 முதல் 23 வயதுக்குள் சுமார் 9,000 பேரை வைத்து 'சி-வேடா' ஆய்வைத் தொடங்கியது. ஏன் 23 வரை? நிதானித்து முடிவெடுக்கும் முன்மூளை முழுசாய் முதிர இருபது வயது தாண்டுகிறது, சார்.

ஆகவே, பிராக்ரஸ் ரிப்போர்ட்டைப் பார்த்து "மண்டு!" என்று வாய் திறக்குமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். மார்க் ஷீட் ஒருநாள் வெளிச்சம்தான். அது மங்கினால், குறுக்கே எது வந்தது என்று பாருங்கள்.