பழைய டீசல் வான் வாங்கும் முன்

வாடகை ஓட்டத்தை நம்பி, நகையை விற்றுப் பழைய ஹயஸ் 'டொல்பின்' வான் வாங்குவோர், விலை பேசுமுன் பதிவுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அதில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது நீக்கப்படும் வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். கடன் தீராத வானை நிறுவனம் உங்களிடமிருந்தே எடுத்துச் செல்லலாம். சேசிஸ், எஞ்சின் இலக்கங்களையும் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் குறை தெரியாது. தொடர்ந்து நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது. வெள்ளைப் புகையுடன் ரேடியேட்டர் நீரும் குறைந்தால் ஹெட் கஸ்கெட் பழுதாக இருக்கலாம். புதிய பெயின்ட் துருவை மறைக்கும். அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாமல், டயர், பட்டரி, டைமிங் பெல்ட் மாற்ற ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.