வளையம் மட்டும் மிஞ்சும்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், கெய்கி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950-களில் பிறந்தது அட்ரசின் என்ற களைக்கொல்லி. டி.டி.டி.க்குப் பூச்சிகளைக் கொல்லும் திறன் உண்டு என்று முதலில் கண்டதும் அதே நிறுவனம்தான். மூன்று கார்பன், மூன்று நைட்ரஜன் மாறி மாறிக் கோத்த ஒரு வளையம். அதில் ஒரு குளோரின், இரண்டு அமினோ வால்கள். அட்ரசினின் உருவம் அவ்வளவே. களைச்செடிக்குள் புகுந்தால், ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான் நகரும் பாதையை அடைத்துவிடும். மக்காச்சோளமோ இதற்கு மசியாது. தன்னிடமுள்ள சேர்மங்களாலும் நொதிகளாலும் குளோரினைக் கழற்றிப் போட்டுவிடும். களை கருகும், பயிர் நிற்கும். தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளிலும் விதைத்த சில நாளில் இதை அடிப்பதுண்டு. ஊடுபயிராக உளுந்தோ தட்டையோ போட்டிருந்தால் அடிக்கக் கூடாது, அவற்றுக்குத் தாங்காது.

1950-களின் இறுதியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த அட்ரசினுக்கு அயோவா, இல்லினாய், இந்தியானா மாநிலங்களின் மக்காச்சோள வயல்கள் நிரந்தர வீடாயின. வசந்தத்தில் தெளிப்பார்கள், பின்னாலேயே மழை வரும். லிட்டர் தண்ணீரில் சுமார் 33 மில்லிகிராம்தான் கரையும். ஆனாலும் மண்ணை இறுகப் பற்றாததால் மழையோடு ஓடைக்கு இறங்கிவிடும். மே, ஜூன் மாதங்களில் ஆறுகளில் இதன் அளவு உச்சம் தொடும். மிசிசிப்பியில் ஏறியது மெக்சிகோ வளைகுடா வரை போகும். இன்னொரு பங்கு நிலத்தடிக்கு இறங்கும். வெயிலும் போதிய நுண்ணுயிரும் இல்லாத அந்த ஆழத்தில் அது எளிதில் சிதையாது. ஜெர்மனி 1991-இல் தடை விதித்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அங்கே நிலத்தடி நீரில் அட்ரசின் அகப்பட்டது.

ஆற்றுநீர் குடிநீர் நிலையத்துக்குள் நுழைகிறது. படிகாரம் கலங்கலை இறக்கும், மணல் வடிகட்டும், குளோரின் கிருமியைக் கொல்லும். மூன்றையும் தாண்டிப் பெரும்பங்கு அட்ரசின் குழாய்க்கு வந்துவிடும். அமெரிக்கா அனுமதிப்பது லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு ஏறக்குறைய எல்லாப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளுக்கும் 0.1 மைக்ரோகிராம். செயலூட்டிய கரி இதைப் பிடித்து வைக்கும், ஆனால் செலவு பிடிக்கும். அந்தச் செலவைக் கேட்டு அமெரிக்க ஊர்களின் நீர் நிலையங்கள் தொடுத்த வழக்கில், கெய்கியின் வழிவந்த சின்ஜென்டா 2012-இல், பொறுப்பை ஏற்காமலே, 10.5 கோடி டாலர் தர இசைந்தது.

கரி பிடிக்கிறதே தவிர உடைப்பதில்லை. உடைக்க வந்தது ஓசோன். அதுவும் பாசல்காரர் கண்டதுதான்: அங்கே பேராசிரியராக இருந்த ஷோன்பைன், 1839-இல் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சியபோது எழுந்த நெடியிலிருந்து அதை இனங்கண்டார். பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதல் குடிநீரை ஓசோனால் சுத்தம் செய்தது. ஆனால் ஓசோன் பாய்வது எலக்ட்ரான் செறிந்த இடங்களில். எலக்ட்ரான் வறண்ட அட்ரசின் வளையத்திடம் அதன் வேகம் செல்லாது. ஓசோன் தண்ணீரில் சிதையும்போது ஹைட்ராக்சில் என்ற தனியுறுப்பு பிறக்கும். அது அட்ரசினோடு வினைபுரியும் வேகம் ஓசோனைவிடப் பல கோடி மடங்கு. பிறக்கும் அளவு சொற்பம், ஆயுளோ கணநேரம் என்பதுதான் குறை.

அந்தக் குறையைத் தீர்க்கவே வினையூக்கி. ஜுன் மா, நைஜல் கிரஹாம் இருவரும் 1999, 2000 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், நீரில் சிறிதளவு மாங்கனீசு உப்பைச் சேர்த்து ஓசோனைச் செலுத்தினார்கள். உப்பு நுண்ணிய மாங்கனீசு டை ஆக்சைடு துகள்களாக மாறியது. அத்துகள்கள் ஓசோனின் சிதைவை விரைவுபடுத்தின, அட்ரசினும் வேகமாகக் குறைந்தது. இலைதழை மக்கிய கரிமப் பொருள் நீரில் கொஞ்சம் இருந்தால் உதவியது. மிகுந்தால் அதுவே ஹைட்ராக்சிலை விழுங்கிவிட்டது. பைகார்பனேட்டும் அப்படியே விழுங்கும். ஆய்வுக்கூடத் தண்ணீரில் கிடைக்கும் வேகம் ஆற்றுத் தண்ணீரில் கிடைக்காததற்கு இதுவே காரணம். நீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றும் தொல்லையும் உண்டு.

அட்ரசின் உடையும் வரிசைதான் கவனிக்க வேண்டியது. மக்காச்சோளம் முதலில் கழற்றுவது குளோரினை. ஓசோன் முறையில் முதலில் போவது வால்கள். குளோரின் பெரும்பாலும் வளையத்தோடே ஒட்டிக்கிடக்கும். வினை இன்னும் கடுமையாகத் தொடர்ந்தால் குளோரினும் போய், கடைசியில் மிஞ்சக்கூடியது சயனூரிக் அமிலம், நீச்சல்குளங்களில் குளோரின் வீணாகாமல் இருக்கப் போடும் அதே பொருள். வளையத்தின் கார்பன்கள் ஏற்கெனவே முழுதாக ஆக்சிஜனேற்றம் பெற்றவை, ஹைட்ராக்சில் பறித்துக்கொள்ள அங்கே ஏதும் இல்லை. வளையத்தைத் திறக்க, களைக்கொல்லி சிந்திய மண்ணில் கண்டெடுத்த சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களால் முடிகிறது.

ஆகவே 'அட்ரசின் 95 சதவீதம் குறைந்தது' என்று ஒரு ஆய்வு சொன்னால், குறைந்தது அந்தப் பெயர் கொண்ட மூலக்கூறு மட்டுமே. அமெரிக்கக் குடிநீர் வரம்பு அந்த ஒன்றைத்தான் அளக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ குளோரின் ஒட்டிய துண்டுகளையும் அட்ரசினோடு சேர்த்தே கணக்கிடுகிறது. குளோரின் போன ஹைட்ராக்சி அட்ரசினுக்குத் தனி வரம்பு, அதுவும் இருமடங்கு தாராளமாக. எந்த வினையூக்கியின் பெருமையைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு அட்ரசின் போனது என்பதல்ல, எவ்வளவு குளோரின் கழன்றது என்பதே.