வெள்ளைப் புள்ளிகளைப் பிரித்தறிந்த வரலாறு

தோலில் தோன்றும் சிறு வெள்ளைப் புள்ளிகளுக்குப் பல காரணங்கள் உண்டு. நெடுங்காலம் அவற்றை ஒரே நோயாக எண்ணியே மக்கள் அஞ்சினர். சுசுருத சம்ஹிதை இந்த வெளுப்பைக் 'கிலாசம்' என்று குஷ்ட வகைகளோடு சேர்த்தது. ஆனால், அது தோலளவில் நிற்கும், நீர் வடியாது என்று வேறுபடுத்தியும் காட்டியது. கூர்மையான அந்தக் கவனிப்பு ஊராரை எட்டவில்லை. 'வெண்குஷ்டம்' என்ற சொல்லே நிலைத்தது. அதனால் வரன் தட்டிப்போனவர்கள், பந்தியில் ஒதுக்கப்பட்டவர்கள் ஏராளம். பெரும் அநியாயம் அது.

நுண்ணோக்கி வந்தபின் முதலில் தனியே பிரிந்தது தேமல். 1846-இல் ஜெர்மானிய மருத்துவர் ஐக்ஸ்டெட் அதில் பூஞ்சையைக் கண்டார். மார்பிலும் முதுகிலும் உள்ள தேமலை நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடுபோல் செதில் உதிரும். எல்லார் தோலிலும் இயல்பாக வாழும் மலசேசியா என்ற அந்தப் பூஞ்சை, வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் மிகுதியாகப் பெருகுவதால் வருவது இது.

1873-இல் நார்வே மருத்துவர் ஹேன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். ஆனாலும், படுக்கையருகே நோயைப் பிரித்துக்காட்டுவது இன்றும் ஒரு பஞ்சுத் துணுக்குதான். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, மருத்துவர் பஞ்சால் தொடுவார். தொட்ட இடத்தை நோயாளி விரலால் காட்டவேண்டும். தொழுநோயின் வெளிறிய படையில் பெரும்பாலும் உணர்ச்சி குன்றியிருக்கும். 'வெண்குஷ்டம்' எனப்பட்ட வெண்புள்ளியிலோ உணர்ச்சி சற்றும் குறையாது. உடலின் எதிர்ப்பாற்றலே நிறமிச் செல்களை அழிப்பதால் வரும் வெண்புள்ளி, தொட்டால் ஒட்டாது.

அதன் மருந்துக்கும் பழைய வேர் உண்டு. இந்திய வைத்தியர்கள் கார்போகரிசியைப் பூசி வெயிலில் இருக்கச் செய்தனர். எகிப்தியர் நைல் கரையில் விளைந்த அம்மி மஜுஸ் விதையைப் பயன்படுத்தினர். இரண்டிலும் இருப்பவை சோராலென் வகைப் பொருள்கள். ஒளி பட்டால்தான் அவை வேலை செய்யும். 1940-களில் கெய்ரோ மருத்துவர் எல் மோஃப்டி, அம்மி விதையிலிருந்து பிரித்தெடுத்த சோராலெனை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். 1970-களில் அது புற ஊதாக் கதிர் சிகிச்சையாக வளர்ந்தது.

குழந்தைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டு, வயிற்றுப் பூச்சியால் வருவதாகவே வீடுகளில் இன்றும் நம்பப்படுகிறது. உண்மையில் அது வறண்ட சருமத்தில் வரும் லேசான அழற்சி. எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவிவந்தால் மெல்ல மறையும். முதியவர்களின் கை கால்களில் அரிசிமணி அளவில் வரும் புள்ளிகள் முதுமையாலும் நீண்டநாள் வெயிலாலும் தோன்றுபவை, அவற்றால் தீங்கில்லை.