நெஞ்சில் கை வைத்து நாலு கேள்வி

புத்தகம் பேசுகிறவர்கள் கூடியிருக்கும் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். அவரிடம் முதலில் என்ன கேட்போம்? "இதுவரை என்னென்ன படித்திருக்கிறீர்கள்?" என்றுதான் நம் வாயில் வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே மறுவாரம் வராமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

1727-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வேறு மாதிரி கேட்டார்கள். பெஞ்சமின் பிராங்க்ளினை நமக்குப் பள்ளிக்கூடப் பாடத்தில் தெரியும், பட்டம் விட்டு மின்னலைச் சோதித்தவர். அப்போது அவருக்கு 21 வயது, அச்சகத் தொழிலாளி. வெள்ளிக்கிழமை மாலைகளில் நண்பர்களைக் கூட்டி 'ஜண்டோ' என்று ஒரு சங்கம் நடத்தினார். வந்தவர்கள் பெரிய படிப்பாளிகள் அல்ல. செருப்புத் தைக்கும் தொழில் கற்றவர், தச்சர், நில அளவை செய்பவர், பத்திரங்களுக்கு நகல் எழுதுபவர், இப்படித்தான். பெண்கள் ஒருவரும் இல்லை. அது அந்தக் காலத்தின் குறை.

புதிதாகச் சேருகிறவர் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, நாலு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கே இருக்கிற யார் மேலாவது உங்களுக்கு மனக்கசப்பு உண்டா? எந்தத் தொழில், எந்த மதமானாலும் மனிதர்களை நேசிக்கிறீர்களா? கருத்துக்காகவோ வழிபாட்டு முறைக்காகவோ ஒருவருக்குத் தீங்கு செய்யலாமா? உண்மையை உண்மைக்காகவே தேடுவீர்களா? படித்த புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கவனித்தீர்களா!

இன்னொரு வழக்கம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். கூட்டத்தில் வழக்கமாக வாசிக்கும் கேள்விகளில் ஒன்று, நல்லவர் யாராவது ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறாரா, அவருக்கு நாம் உதவ முடியுமா என்பது. பிராங்க்ளினே 17 வயதில் வீட்டைவிட்டு ஓடி, கொஞ்சம் சில்லறையோடு அந்த ஊருக்கு வந்து இறங்கியவர். அந்த நினைவில்தான் இதைச் சேர்த்திருப்பார் என்பது என் ஊகம். முகத்துக்கு நேரே மறுத்துப் பேசினால் சிறு அபராதமும் உண்டு. கூச்சத்தோடு வருகிறவனுக்கு இதைவிடப் பெரிய தைரியம் ஏது?

ஆனால் ஆள் எண்ணிக்கை பன்னிரண்டுக்கு மேல் கூடாது. நண்பர்களைச் சேர்க்கலாம் என்று சிலர் கேட்டபோது பிராங்க்ளினே தடுத்தார். வேண்டுமானால் ஆளுக்கொரு கிளைச் சங்கம் தொடங்குங்கள், இதைப் பற்றி அவர்களிடம் மூச்சுவிடாதீர்கள் என்றார். வந்தவர்களைத் திண்ணையிலேயே உட்கார வைக்கிற வேலை இது, எனக்கு ஒப்பவில்லை.

கதவைத் திறந்தது புத்தகங்கள்தான். முதலில் தங்கள் புத்தகங்களை ஓர் அறையில் சேர்த்து வைத்தார்கள். பராமரிப்பு சரியில்லை என்று ஒரு வருடத்தில் அவரவர் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிறகு 1731-ல் 50 பேர், ஆளுக்கு 40 ஷில்லிங் முதலில், வருடம் 10 ஷில்லிங் சந்தா என்று நூலகம் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் ஒன்பது பேர். ஏழு பேர் அறுபதைத் தாண்டியாயிற்று. புது ஆள் வந்தால் பேச்சின் தரம் கெடும் என்று ஒரு கட்சி. வராவிட்டால் ஐந்து வருடத்தில் பேசவே ஆளிருக்காது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. வருகிற ஞாயிறு டீ வந்ததும் முதல் கேள்வியாக, நம் தெருக்களில் யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள் என்று கேட்கப்போகிறேன்.