கிணற்று நீரும் கண்ணாடி மின்வாயும்

2013 ஆகஸ்ட் 1ஆம் திகதி, கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரியவில் சுத்தமான குடிநீர் கேட்டு வீதிக்கு இறங்கிய மக்கள் மீது இராணுவம் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. மூவர் உயிரிழந்தனர். ரத்துபஸ்வல கிராமத்துக் கிணறுகளின் நீர் அமிலமாகிவிட்டது, அதற்கு அயலிலிருந்த கையுறைத் தொழிற்சாலையே காரணம் என்பது அம்மக்களின் குற்றச்சாட்டு. அந்நாட்களில் 'பி.எச். பெறுமானம்' என்ற இரசாயனவியற் சொல் செய்தித்தாள்களின் முன்பக்கத்துக்கே வந்துவிட்டது. அவ்விலக்கத்தின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

1909ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்ற அறிஞரே இந்த அளவுகோலை வகுத்தவர். மது வடிப்புடன் தொடர்புடைய அந்நிறுவனத்துக்கு அமிலத்தன்மை முக்கியமான விடயம். 7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம். ஓர் அலகு குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். இலங்கையின் குடிநீர்த் தரம் 6.5 முதல் 8.5 வரை. ஆகவே 4.5 காட்டும் கிணற்று நீர், அக்கீழெல்லையை விட நூறு மடங்கு அமிலமானது.

மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இரு பக்கங்களிலும் அமிலத்தன்மை வேறுபட்டால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1906இல் கிரெமர் கண்டறிந்தார். 1909இல் ஹேபரும் கிளெமன்சீவிச்சும் அதனை அளவிடும் மின்வாயாக வளர்த்தெடுத்தனர். 25 பாகை செல்சியசில், ஓர் அலகு மாற்றத்துக்குச் சுமார் 59 மில்லிவோல்ற்று மாறும். ஆனால் கண்ணாடியின் தடை மிக அதிகம் என்பதால் சாதாரண மானிகளால் இதனை வாசிக்க இயலவில்லை. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வழி கேட்ட நண்பருக்காக, 1934இல் கலிபோர்னியாவில் ஆர்னல்ட் பெக்மன் வெற்றிடக் குழாய் மிகைப்பான் பொருத்திய கருவியை உருவாக்கினார். தொழிற்சாலைகளுக்கு அக்கருவி சென்ற பாதை அவ்வாறே திறந்தது.

இதன் உடன்பிறப்பு தாழ்த்தேற்ற அழுத்தமானி. இங்கே கண்ணாடிக்குப் பதில் பிளாற்றினம். நீரிலுள்ள பொருட்கள் இலத்திரனைப் பறிக்கும் நிலையிலா, கொடுக்கும் நிலையிலா உள்ளன என்பதை அது மில்லிவோல்ற்றில் கூறும். குளோரின் போதுமா என்பதையும், முலாமிடும் ஆலைகளின் நச்சுக் குரோமியம் தீங்கு குறைந்த வடிவுக்கு மாறிவிட்டதா என்பதையும் அதைக் கொண்டு கண்காணிக்கின்றனர். எனினும் எந்தப் பொருள் என்று அது பெயர் சொல்லாது.

கண்ணாடி மின்வாயும் அவ்வாறே. நீர் எவ்வளவு அமிலம் என்று சொல்லும், அமிலமாக்கியவர் யார் என்று சொல்லாது. ஈரவலயத்தின் செம்பூரான் மண் இயல்பாகவே அமிலமானது. நான் வாழும் வத்தேகமவைச் சூழ்ந்த மலைகளில் விளையும் தேயிலையும் 4.5 முதல் 5.5 வரையான மண்ணையே விரும்புகிறது. அதனால் மண்ணைக் குற்றஞ்சாட்டித் தொழிற்சாலை தப்பவும் முடியும். தொழிற்சாலையைக் குற்றஞ்சாட்டி மண்ணை மறக்கவும் முடியும். தொழிற்சாலை எழுவதற்கு முன்பே அயற்கிணறுகளை அளந்து, ஆண்டுதோறும் பதிந்து, கிராமத்தவரும் பார்க்கும்படி வைத்தால் மாத்திரமே இவ்வழக்குக்குத் தீர்ப்புக் கிடைக்கும்.

நியம கரைசல்களில் அளவுதிருத்தம் செய்ய ஒரு மின்வாய்க்குச் சில நிமிடங்களே போதும். அந்தச் சில நிமிடங்களை உரிய காலத்தில் செலவிடாத சமூகம், பின்னர் அதற்கு உயிர்களால் விலை கொடுக்க நேரிடும்.