ஏட்டிலிருந்து உரலிக்கு: காஞ்சிபுரத்தை முன்னிட்டு ஆசிரியரின் பாடத்துணைத் தேடல்

பாடத்துணை என்னும் சொல் இக்கட்டுரையில், பாடநூலுக்கு வெளியே நின்று, பாடத்தை விளக்கவும் சரிபார்க்கவும் ஆசிரியருக்கு உதவும் எழுத்து, படம், கருவி ஆகிய அனைத்தையும் குறிக்கிறது. இவற்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எந்நூல் எப்போது தோன்றியது என்பதையே பேசுகின்றனர். ஆனால் தோன்றிய நூல் அதை வேண்டிய ஆசிரியரின் கைக்கு எவ்வழியே போய்ச் சேர்ந்தது என்பதே வகுப்பறையின் தரத்தை முடிவு செய்துள்ளது. கல்விக்குப் பெயர்பெற்ற காஞ்சி நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் கொண்டு இவ்வழியைத் தடம்பிடித்துப் பார்க்க இயலும்.

கடம்ப அரசமரபைத் தொடங்கிய மயூரசர்மன் தன் குரு வீரசர்மனுடன் பல்லவர் தலைநகரான காஞ்சிக்கு வந்து, அங்கிருந்த கடிகையில் கற்கப் புகுந்ததாக, கர்நாடகத்தின் தாளகுண்டாவில் உள்ள 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. கடிகை என்பது உயர்கல்வி கற்றோர் கூடிய வடமொழிக் கல்விக்கழகம். குருவே சீடனை அழைத்துக்கொண்டு அத்தனை தொலைவு நடந்து வந்திருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. ஏடும் அதை விளக்க வல்லவரும் ஓரிடத்தில் இருந்தமையால் தேடுபவர்தாம் அவ்விடத்தை நாடிச் செல்ல வேண்டியிருந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வேதமும் இலக்கணமும் கற்போருக்கு உணவும் கற்பிப்போருக்கு ஊதியமும் கோயில் வருவாயிலிருந்து வகுக்கப்பட்டதைத் தெரிவிப்பதோடு, ‘ரூபாவதாரம்’ என்ற வடமொழி இலக்கண நூல் அங்குப் பயிற்றப்பட்டதையும் பெயர் சுட்டிச் சொல்கிறது. இத்தனை சிறப்பிருந்தும், வேதம் ஓதும் உரிமை பெற்ற குலத்தாருக்கே அந்த வாயில் திறந்திருந்தது என்பதை மறைத்து இக்காலத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

திண்ணைப் பள்ளிகளில் நிலைமை வேறு. ஆத்திசூடியும் நிகண்டும், பெருக்கல் வாய்பாடுகள் அடங்கிய எண்சுவடியும் ஆசிரியரின் நினைவிலும், அவர் படியெடுத்து வைத்த சில சுவடிகளிலும் இருந்தன. மணலில் விரலால் எழுதிப் பழகுவதும், மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்வதும் அங்கு வழக்கம். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், இத்தகைய பள்ளியொன்றைக் கண்டு அம்முறையைத் தம் விடுதியில் கையாண்டு, 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. அச்சு கைவசம் இருந்தவரின் அனுபவம் கடல் கடந்தது. அம்முறையை உருவாக்கிய திண்ணை ஆசிரியர்களின் பெயர்களோ எங்கும் பதிவாகவில்லை. பாடத்துணை வரலாற்றில் இந்த ஏற்றத்தாழ்வு வேதனைக்குரியது.

1820இல் சென்னையில் தொடங்கிய பள்ளிநூல் சங்கமும் அதன் வழிவந்த அமைப்பும் மலிவான தமிழ்ப் பாடநூல்களை அச்சிட்டன. சுதந்திரத்துக்குப் பின், பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் 10 தொகுதிகள் 1954 முதல் 1968 வரை வந்து, அறிவியலையும் வரலாற்றையும் தமிழிலேயே சரிபார்க்க வழி செய்தன. எனினும் அவற்றைப் பார்க்க ஆசிரியர் நூலகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

நூல் ஆசிரியரைத் தேடி வரத் தொடங்கியது இணையக் காலத்தில்தான். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழிலக்கியங்களைத் தட்டச்சிட்டு விலையின்றி வழங்கியது. 2001இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகமாக வளர்ந்து, பாடங்களையும் அகராதிகளையும் மின்நூலகத்தையும் தந்தது. ஆயினும் ஒரு பெருந்தடை நீடித்தது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களின் மீதே தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருந்தமையால், ஓர் ஆசிரியர் உழைத்துத் தயாரித்த வினாத்தாள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்குவியலாய்த் தோன்றியது. தமிழ்ச் சொல்லிட்டுத் தேடுபவருக்கு அது அகப்படவும் இல்லை. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியெண் வழங்கும் ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இல் அதிகாரப்பூர்வமாக ஏற்றதே, ஆசிரியரின் தேடலைப் பொறுத்தவரை, பின்வந்த எந்தச் செயலியையும் விடப் பெரிய திருப்பம் எனலாம்.

2018 முதல் வெளியான புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள், அதாவது கைப்பேசியின் கேமராவைக் காட்டியதும் காணொலிக்கோ பயிற்சிக்கோ இட்டுச்செல்லும் கட்டக்குறிகள், அச்சிடப்பட்டன. கணித நூலின் ‘இணையச் செயல்பாடு’ பகுதியைப் பிரித்தால், செய்ய வேண்டிய படிகள் கணினித் திரையின் படங்களுடன் வரிசையாக இருக்க, அவற்றின் கீழே ‘உரலி’ எனத் தமிழில் வழங்கும் இணைய முகவரி அச்சாகியிருப்பதைக் காணலாம். தாளில் நிலைத்துவிட்ட அம்முகவரி இணையத்தில் மாறிவிட்டால் பயனற்றுப் போகும் என்பதால், அதைப் பாடத்துக்கு முந்திய நாளே திறந்து பார்ப்பதும், யார் வெளியிட்டது, எந்நாளில் புதுப்பித்தது எனச் சோதிப்பதும் ஆசிரியப் பணியின் பகுதியாகிவிட்டன. பழைய காலத்தில் இத்தகுதிச் சோதனையைக் குரு செய்தார்; இன்று அது ஒவ்வோர் ஆசிரியர் தலையிலும் விழுந்துள்ளது.

இத்தகைய பொதுத் துணைகள் மாநிலம் முழுவதற்கும் ஒரே வடிவில் வருவன. ஊரின் அறிவை அவற்றில் சேர்க்க வேண்டியவர் அவ்வூர் ஆசிரியரே. நடுநிலை வகுப்புக் கணித நூலில் ‘தகவல் செயலாக்கம்’ என்றோர் இயல் உண்டு. அதை விளக்க உள்ளூர்த் தறியே நல்ல எடுத்துக்காட்டு. காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலைக்கு உரு வரைபவர் கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாக நிறம் தீட்டுகிறார். நிறம் உள்ள கட்டத்துக்கு, தறியில் இழைகளை இயக்கும் ஜக்கார்டு அட்டையில் துளை விழுகிறது, வெற்றுக் கட்டத்துக்கு விழுவதில்லை. துளை கண்ட இடத்தில் பாவு இழை மேலெழும்புகிறது. உண்டு, இல்லை என்ற இரண்டே குறிகளால் தகவலைச் சேமிக்கும் கணினியின் அடிப்படையும் இதுவே. தறிச்சத்தத்தில் வளரும் மாணவர் வீட்டிலிருந்து பழைய அட்டையொன்றைக் கொண்டுவர, அதைப் படமெடுத்து, கட்டத்தாளோடு பொருத்தி, இரண்டு பத்தி விளக்கத்துடன் ஒருங்குறியில் ஏற்றி வைக்கும் ஆசிரியர், திண்ணைப் பள்ளி ஆசிரியருக்குக் கிட்டாமற்போன பதிவைத் தம் பெயரிலேயே செய்துவிடுகிறார்.